தற்காலிகக் குரல்

ஜூலை 2, புதன்

காலையில் கேஸ் ஏஜென்சியிலிருந்து போன். "சார், சிலிண்டர் திங்கக்கெழம வரும் சார்" என்றான். "சரிங்" என்று வைத்துவிட்டேன். நாற்பத்து மூன்று வருஷமாக இந்தக் கரகரத்த தொண்டையோடு குடித்தனம் நடத்துகிறேன். தினம் ஒருத்தனைத் திருத்திக்கொண்டிருந்தால் சோறாக்குவது எப்போது? நேரில் நான் நாகமணி, போனில் சார். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கச் சொன்ன டீச்சரின் பெயர் இன்னும் மறக்கவில்லை. அதை எழுத மாட்டேன், அந்தம்மா சாமியாகிவிட்டார்.

ஆபீசில் பிரகதீஷ் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினான். எல்லோரும் என்றால் பேக்கரி மாடியில் குந்தியிருக்கும் ஐந்து பேர். முதலாளிதான், ஆனால் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், அதனால் இந்த நோட்டில் 'அவன்'. "அக்கா, சென்னை எக்ஸ்போவுல நமக்கு ஸ்டால் கெடைச்சிருச்சு!" என்று குதித்தான்.

எங்கள் விளையாட்டின் பெயர் 'ரைட் போலாம்'. காந்திபுரத்திலிருந்து ஒண்டிப்புதூர் வரை டவுன் பஸ் ஓட்ட வேண்டும். விளையாடுகிறவர்தான் டிரைவர். கண்டக்டர் கண்ணுக்குத் தெரிய மாட்டார், பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். எக்ஸ்போவில் இனிமேல் வரப்போகிற விளையாட்டுகளையெல்லாம் ஜனங்கள் ஆடிப் பார்த்து ஓட்டுப் போடுவார்களாம். கடைசி நாள் 'மிகவும் எதிர்பார்க்கப்படும் பத்து' என்று பட்டியல் வரும். அந்தப் பத்தில் நுழைந்தால் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று எங்கள் விளையாட்டை எடுத்து வெளியிடும். நுழையாவிட்டால் ஆகஸ்டோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு அழுகை வந்தால் அப்படித்தான்.

ஜூலை 4, வெள்ளி

கண்டக்டருக்குக் குரல் கிடைத்துவிட்டது. சென்னையில் டப்பிங் கலைஞர் வேதமூர்த்தி. விளம்பரங்களில் கேட்டிருப்போம், சோப்புத் தூளைக்கூடக் கும்பாபிஷேகம் மாதிரி அறிவிப்பார்.

இதுவரை விளையாட்டில் இருந்தது என் குரல். பெருமைக்குச் சொல்லவில்லை, இந்தத் தொழிலில் அது வழக்கம். உண்மையான ஆள் வரும்வரை ஆபீசில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களைப் பேசவைத்து ஒட்டிவிடுவார்கள். தற்காலிகக் குரல் என்று பெயர். பந்தி தொடங்கும்வரை இலை பறக்காமலிருக்க மேலே வைக்கிற தண்ணீர் டம்ளர் மாதிரி. போன வருஷம் எட்வின் என்னைப் போர்வை தொங்கவிட்ட குட்டி அறைக்குள் உட்காரவைத்தான். சத்தம், இசை எல்லாம் அவன் பொறுப்பு, தூத்துக்குடிக்காரன். கையில் கொடுத்த தாளில் 'பேருந்தை நிறுத்தவும்' என்று எழுதியிருந்தது. எந்த ஊர்க் கண்டக்டர் 'நிறுத்தவும்' என்பார்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆபீசைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்று எட்வினிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான்.

இனி அது போய்விடும். நல்லது.

ஜூலை 7, திங்கள்

சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் என்னைப் பார்த்துவிட்டு, "போன்ல பேசுன சார் இல்லீங்களா?" என்றான்.

ஜூலை 10, வியாழன்

வேதமூர்த்தியின் குரலை ஒட்டிய புதுப் பதிப்பு வந்தது. நாள் முழுக்கச் சோதித்தேன். என் வேலை அதுதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருஷம் செக்கிங்கில் இருந்தேன். ஓட்டை, தையல் விட்டது, ஷேடு மாறினது. ஒரே நீலத்தில் ஏழு நீலம் பிரித்து வைப்பேன், அரை இருட்டில்கூட. இங்கே விளையாட்டில் ஓட்டை கண்டுபிடிக்கிறேன். முதல் காரியமாக பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டுவேன். ஒழுங்காக ஓட்டுகிறவர்களால் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது.

வேதமூர்த்தி குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம், கம்பீரம். "அடுத்த நிறுத்தம் சிங்காநல்லூர்" என்கிறார். கேட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கத் தோன்றுகிறது.

சாயங்காலம் கீழே பேக்கரியில் நின்ற காலேஜ் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிவந்து, தேங்காய் பன் வாங்கிக்கொடுத்து ஆடவைத்தோம். பாதி வழியில் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, "நல்லாருக்குதுங்க்கா" என்றார்கள். சாம்பார் உப்பில்லாமல் இருந்தாலும் விருந்துக்குப் போன இடத்தில் அப்படித்தான் சொல்வோம். போன மாசம் இதே மாதிரி வந்த பிள்ளைகள் பஸ் டெப்போவுக்குப் போய்ச் சேரும்வரை எழுந்திருக்கவில்லை.

பிழைப் பட்டியலில் ஏற்றினேன்: 'விளையாடுகிறவர் சிரிக்கவில்லை.' பிரகதீஷ் கீழே 'இது பிழை இல்லை அக்கா' என்று எழுதி மூடிவிட்டான். சரிதான். இது பிழை இல்லை.

ஜூலை 12, சனி

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் கேட்டார். "உன்ற குரல எடுத்துப்போட்டாங்களா?" இவர் ஃபவுண்டரியில் வேலை, ஒரு நாளைக்கு மொத்தம் இருபது வார்த்தைதான் பேசுவார். அதில் இதற்கு மூன்று போய்விட்டது.

"எடுக்கறக்குத்தான வெச்சாங்க" என்றேன்.

"ஓ" என்றார். இன்னொரு தோசை கேட்டார்.

எனக்கு அதொன்றும் இல்லை. எழுதி வைக்கிறேன்: எனக்கு அதொன்றும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

எட்வின் இரண்டு பென் டிரைவ் கொடுத்தான். பச்சை டேப் ஒட்டியது வேதமூர்த்தி. சிவப்பு டேப் ஒட்டியது பழைய பதிப்பு, என் குரலோடு. "புதுசு மக்கர் பண்ணுச்சுன்னா மட்டும் பழச போடணும், எக்கா. இல்லைன்னா வெளிய எடுக்கவே வேண்டாம். சத்தியம் பண்ணிருக்கேன்லா" என்றான். இரண்டும் என் கைப்பைக்குப் போயின. இந்த ஆபீசில் ஒரு பொருளைத் தொலைக்காதவள் நான் ஒருத்திதான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. விடியலிலேயே வாசலில் தேங்காய் சுட்டோம். வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் திணித்து, குச்சியில் செருகி, ஓடு வெடிக்கும்வரை நெருப்பில். பாதியை டப்பாவில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். ஆடி பிறந்த அன்றைக்கா புதுக் காரியத்துக்குக் கிளம்புவது என்று பிரகதீஷின் அம்மா போனில் அழுதாராம். "எக்ஸ்போக்காரங்களுக்கு ஆடி தெரியாதும்மா" என்று சமாதானம் சொல்லியிருக்கிறான். சுட்ட தேங்காயில் பெரிய துண்டை அவனே தின்றான்.

மத்தியானத்துக்கு மேல் நந்தம்பாக்கத்தில் ஸ்டாலைப் பார்த்தோம். பத்தடிக்குப் பத்தடி, மூன்று மானிட்டர். எதிரில் வெளிநாட்டுக் கம்பெனியின் டிராகன் விளையாட்டு, பனைமர உயரத்துக்குத் திரை. பக்கத்தில் பெங்களூர்ப் பெண்கள் இருவரின் காக்கா விளையாட்டு. நாம்தான் காக்கா, ஊரெல்லாம் பறந்து வடை திருட வேண்டும். நான் போய் முதலில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முட்டினேன். காக்கா உள்ளே மாட்டிக்கொண்டது. அந்தப் பெண்கள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, அப்போதே சரிபண்ண உட்கார்ந்தார்கள். நல்ல பிள்ளைகள்.

மண்டபத்தில் வெளிச்சம் என்றால் வெளிச்சம், தரையில் கிடந்த குண்டூசி தெரிந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஒரு தவறு நடந்துவிட்டது.

காலையில் பிரகதீஷ் பதிவு செய்யப் போய்விட்டான். எட்வின் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மூன்று கம்ப்யூட்டரிலும் விளையாட்டை ஏற்றியது நான். கதவு திறந்ததும் முதலில் தாடி வைத்த பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். பஸ்ஸை எடுத்தான், முதல் ஸ்டாப்பை விட்டான். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது.

"ஏனுங் டிரைவரே, ஸ்டாப்புன்னு ஒண்ணு இருக்குது, அதுல நிக்கோணும்னு உங்க ஊட்டுல ஆருஞ் சொல்லலீங்களா?"

என் குரல். தாடிக்காரன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த ஸ்டாப்பையும் விட்டான். "நீங்க போய்ட்டே இருங்க. நாம கண்டக்டரு, டிரைவரு ரெண்டு பேருமே ஊடு போய்ச் சேந்துக்கலாம். பாவம், பயணிகதான் பழனிக்கு நேந்துக்கிட்டாங்க."

பிரகதீஷ் ஓடிவந்தான். "அக்கா! இது டெம்ப் வாய்ஸ்!"

"கை தவறிப் போச்சு கண்ணு" என்றேன். பச்சைக்குப் பதில் சிவப்பை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஸ்டாலில் வெளிச்சம் ரொம்ப மங்கல். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் யாருக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மத்தியானம் மாற்றிவிடலாம் என்றான். மத்தியானம் பார்த்தால் வரிசை காக்கா ஸ்டாலைத் தாண்டி நின்றது. பிரகதீஷ் வரிசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இருக்கட்டும்" என்றான்.

"யாரு இந்தக் கண்டக்டரக்கா?" என்று கேட்காத ஆளில்லை. திருப்பூரில் ஒரு ஆர்ட்டிஸ்ட் என்று எட்வின் சமாளித்தான். நான் முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, தொண்டை சரியில்லை என்று சைகையிலேயே நாளை ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை ஜனங்கள் சிரிக்கும்போதும் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டேன்.

சாயங்காலம் அன்றைய ஓட்டுக் கணக்கைப் பலகையில் போட்டார்கள், முதல் பத்தில் நாங்கள் இல்லை. பிரகதீஷ் சிரித்தான்.

ஜூலை 19, சனி

இன்றைக்கு வேதமூர்த்தி வந்துவிட்டார். தன் குரலைக் கேட்க.

வெள்ளைச் சட்டை, அறுபது வயது, வரிசையில் நின்று முறைப்படி வந்தார். பிரகதீஷுக்கு முகம் செத்துப்போயிற்று. பெரியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காந்திபுரத்திலிருந்து ஒண்டிப்புதூர் வரை ஓட்டினார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தார்.

"இதுல என் குரல் எங்கப்பா?"

பிரகதீஷ் திட்டு வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மாஸ்க்கை இறக்கினேன். "உங்க குரலு என்ற பைக்குள்ள இருக்குதுங். நாந்தான் மாத்திப் போட்டுட்டனுங். கை தவறிப் போச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீயாம்மா அது?"

"ஆமாங்."

"ஒரு வாரம் வீட்ல ப்ராக்டிஸ் பண்ணேம்மா, இதுக்காக" என்றார். எழுந்து போய்விட்டார். கோபித்திருந்தால் தேவலை. மத்தியானச் சோறு இறங்கவில்லை. ஒருவருக்கு என்னால் வலித்துவிட்டது, அதை மாற்றி எழுத முடியாது.

சாயங்காலப் பலகையிலும் நாங்கள் இல்லை. இவருக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் கேட்டுவிட்டு, "கை தவறிப் போச்சா?" என்றார்.

"ஆமாங்" என்றேன்.

"செரி" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. லைன் சரியில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது?

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. எதிரே டிராகன் வரிசை எங்கள் வரிசையோடு கலந்து ஒரே தள்ளுமுள்ளு. ஸ்டாலின் பலகைச் சுவர் மானிட்டர்கள் பக்கமாகச் சாயத் தொடங்கியது. ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் தலைக்கு மேலே. எட்வின் ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தாங்கினான். பிரகதீஷ், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ப்ளீஸ், ப்ளீஸ்" என்று அவனுக்கே கேட்காமல் முனகினான்.

மாஸ்க்கைக் கழற்றி எறிந்தேன்.

"ஏனுங்! மின்னால நிக்கறவிய எல்லாம் உள்ள போங்க, உள்ள போங்க! உள்ள ஒரு கல்யாண மண்டபமே காலியாக் கெடக்குது! படியில தொங்கறவிய எல்லாம் படியிலயேவா பொறந்தீங்க? எறங்குங்க சாமி, வரிசைல வாங்க!"

பழக்க தோஷத்தில் வாயாலேயே விசிலும் அடித்துவிட்டேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு எங்கிருந்தோ ஒருத்தன், "டேய், கண்டக்டர்டா!" என்று கத்தினான். கைதட்டல் கிளம்பியது பாருங்கள், டிராகனே தன் திரையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கும். கைதட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். இரண்டு வரிசையும் பிரிந்து நின்றன. பலகையை நிமிர்த்தி ஆணி அடித்தோம். அந்தப் பெண் ஹெட்போனோடு அதுவரை ஒன்றும் அறியாமல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் போட்டோ, போட்டோ, போட்டோ. "எங்களை ஒரு தடவை திட்டுங்கக்கா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் ஒளிந்துகொள்ளவில்லை. ஒளிய நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

ஆறு மணிக்கு மேடையில் பட்டியலைக் கீழிருந்து வாசித்தார்கள். பத்து, கொச்சிக்காரர்களின் படகுப் பந்தயம். ஒன்பது, ஹைதராபாத் பீரங்கி. எட்டு, ஏழு இரண்டும் வெளிநாடு. பிரகதீஷ் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தான், பிரசவ வார்டு வாசலில் நிற்பவன் மாதிரி. ஆறு, காக்கா! பெங்களூர்ப் பெண்கள் அலறினார்கள், நானும் அலறினேன். அதற்கு மேல் நமக்கெல்லாம் ஏது இடம் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"ஐந்தாவது இடம், கோயம்புத்தூரிலிருந்து 'ரைட் போலாம்'!"

பிரகதீஷ் அழுதான். சிரிக்காமல், ஒழுங்காக, வாய்விட்டு அழுதான். கூட்டத்தில் பாதிப் பேர் "ரைட், ரைட்!" என்று கத்தினார்கள். முதலிடம் டிராகன். அது வராமல் போயிருந்தால்தான் செய்தி.

சிங்கப்பூர்க் கம்பெனியிலிருந்து வந்திருந்த அம்மா தமிழ்க்காரர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கண்டக்டர மட்டும் மாத்திடாதீங்க."

ஜூலை 21, திங்கள்

ரயிலில் மிச்சமிருந்த தேங்காயைத் தின்றுகொண்டு வந்தோம். பிரகதீஷ் மேல் பெர்த்தில் தூங்கிப்போனான். எட்வின் என் எதிரே உட்கார்ந்து அந்த இரண்டு பென் டிரைவையும் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

"எக்கா."

"என்றா?"

"ஒரே நீலத்துல ஏழு நீலம் பிரிப்பேன்னு சொல்லுவீங்கள்லா?"

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. செவப்பும் பச்சையும் எத்தனை ஷேடுன்னு பாத்தேன்."

ஜன்னலுக்கு வெளியே காட்பாடி வந்தது. பார்க்கவேண்டிய ஊர்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 23, புதன்

எட்வின் என் போனில் ஏற்றிக்கொடுத்த விளையாட்டை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இவர் வாழ்நாளில் ஆடிய ஒரே விளையாட்டு தாயம். ஒரு ஸ்டாப்பில்கூட பஸ்ஸை நிறுத்தவில்லை. "ஊட்டுல திட்டறது பத்தலீங்களா?" என்றேன்.

"இதுல திருப்பித் திருப்பிக் கேக்கலாமில்ல" என்றார்.

ஜூலை 28, திங்கள்

வேதமூர்த்தி வந்தார், கோயம்புத்தூருக்கே.

போன வாரம் பிரகதீஷுக்கு அவரே போன் பண்ணினாராம். "கண்டக்டர் இருக்கா, சரி. உங்க பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறவே மாட்டாரா? எனக்கு அந்தப் பொண்ணை ஒரு கேள்வி கேக்கணும்" என்றாராம். நல்ல மனுஷன். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். வந்ததும் "தொண்டை எப்படிம்மா இருக்கு?" என்றுதான் கேட்டார்.

போர்வை தொங்கும் குட்டி அறையில் இருவரும் ஒரே மைக் முன்னால் நின்றோம். தாளில் எழுதியிருந்தபடி அவர் கேட்க வேண்டியது, 'டிக்கெட் எல்லாம் கொடுத்துட்டியா?' நான் சொல்ல வேண்டியது, 'கொடுத்துட்டனுங் சார்.' எட்வின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டினான்.

இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் ஏறினார். அந்தக் கும்பாபிஷேகக் குரல் அறையை நிறைத்தது. "கண்டக்டர்! டிக்கெட் எல்லாம் கொடுத்துட்டியா?" சற்று நிறுத்தினார். தாளில் இல்லாததைச் சேர்த்தார். "இல்ல, கை தவறிப் போச்சா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்வின் மேஜைக்குக் கீழே போய்விட்டான். பிரகதீஷ் வேறு சுவரைப் பார்த்தான். பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணைத் தவிர. எனக்குக் காது வரை சூடேறியது. ஆனால் மைக் ஓடிக்கொண்டிருக்கிறதே, கண்டக்டர் பதில் சொல்லாமல் நிற்க முடியுமா?

"வெளிச்சம் பத்தலீங் சார்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பதிவு வீணாகிவிட்டது. வீணாகவில்லை, அதையே வைத்துக்கொள்ளப்போகிறோம் என்கிறான் பிரகதீஷ்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போன். கூரியர்காரன். சிங்கப்பூரிலிருந்து ஏதோ பார்சல், வீடு பூட்டியிருந்ததாம். "சார், நாளைக்கு ஊட்டுல இருப்பீங்களா சார்?"

"சரிங்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"சார் இல்லீங். கண்டக்டர்."

"சரிங் கண்டக்டரம்மா, காலைல கொண்டாந்தர்றேன்" என்றான்.